தோல் தளர்வதற்குள்

நீ பொய் சொல்லியிருக்கிறாய். பத்திரிகைப் பேட்டியில், உன் படத்தோடு, பொய். கொல்லிமலையில் நாம் மூன்று பேர் நடத்திய பங்க் இசைக்குழுவில் ஆட்டுத்தோல் மேளத்தைச் சேர்த்ததும், பாட்டுகளைச் சட்டென்று முடித்ததும் உன் யோசனை என்கிறாய். இரண்டும் டிரம் அடித்தவனிடமிருந்து வந்தவை. நீ கிடார் வாசித்தாய். நான் கத்தினேன். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

தொண்ணூறுகளின் கடைசி. உன் அப்பா செம்மேட்டுக்கு மாற்றலாகி வந்த அதிகாரி, என் அம்மா அங்கே நர்ஸ். நீ கொண்டுவந்த கேசட்டைக் கேட்ட பிறகுதான் கோபத்தையும் பாட்டாகக் கத்தலாம் என்று எனக்குத் தெரிந்தது. அதை மறுக்கவில்லை. டிரம் அடித்த அவன் அதே மலையில் எடப்புளி நாட்டு விவசாயி மகன். அதே கேசட்டைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். "காட்டுல பன்னி வெரட்டத் தகரம் தட்டுவமே, அதாட்டமே இருக்குது. நானும் வாரேன்."

டிரம் செட், கீழே ஏதோ ஒரு சர்ச்சில் ஒதுக்கிப் போட்டது. முதல் கச்சேரியன்றுதான் அன்னாசி ஏற்ற வந்த லாரியில் மேலே வந்து சேர்ந்தது. ஊர்த் திருவிழா. சாயங்காலமே பனிமூட்டம் இறங்கிவிட்டது. பனியில் மேளத்தோல் தளரும், வைக்கோல் நெருப்பில் காட்டினால் இறுகும். மலையில் மேளம் அடிக்கும் எல்லோரும் செய்வதுதான். அவனும் டிரம்மைத் தூக்கி நெருப்பில் காட்டினான். அது சுருங்கி, ஓட்டை விழுந்து, நாறியது.

"டேய், அது பிளாஸ்டிக்டா!" என்று நீ அலறினாய்.

"மொதல்லயே சொல்றதுக்கென்னடா? எனக்கென்ன தெரியும்?"

கச்சேரி வேண்டாம், மானம் போகும் என்று நீ கிடாரை உறையில் போட்டாய். அவன் வீட்டுக்கு ஓடி, தோல் மேளத்தைக் கொண்டுவந்து, அன்னாசிக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தான். "இது தளர்றதுக்குள்ள கத்தி முடிச்சிரு, நர்சம்மா புள்ள. மறுக்கா காய்ச்சிக்கலாம்."

அப்படித்தான் பாட்டு குட்டையானது. பஸ் வராததைப் பற்றி ஒரு பாட்டு. மூச்சு விடாமல் கத்தி நிறுத்தினேன். அவன் நெருப்புக்கு ஓடினான். முன்னால் நின்ற பெரியவர் கேட்டார்: "ஏனுங்க, முடிஞ்சுதுங்களா? நான் இன்னும் ஒக்காரவே இல்லீங்களே!"

கூட்டம் சிரித்தது. அடுத்த பாட்டுக்கு யாரும் உட்காரவில்லை. அவன் அடித்த அடியில் கூடை நொறுங்கியது. மேளத்தை முழங்காலில் இடுக்கிக்கொண்டு அடித்தான். அப்படி ஒருவன் வாசித்து நான் பிறகு எங்கும் கேட்டதில்லை. நீயும் அன்று நன்றாகத்தான் வாசித்தாய். அவன் அடிக்கு ஈடுகொடுக்க நாம் இரண்டு பேருமே நாய்போல ஓட வேண்டியிருந்தது.

அடுத்த கோடையில் உன் அப்பாவுக்கு மாற்றல் வந்தது. குழு அதோடு முடிந்தது.

போன வாரம் அவனுடைய மிளகுத் தோட்டத்தில் உன் பேட்டியை வாசித்துக் காட்டினேன். "உடு கண்ணு, பொழச்சுப் போறான்" என்றான். பிறகு பத்திரிகையை வாங்கி, பக்கத்தைப் புரட்டி, பின்னாலும் பார்த்தான். "என்னப் பத்தி ஒண்ணுமே இல்லியா?"

எனக்குத் தனியாக போன் செய்யாதே. வருத்தம் தெரிவிக்காதே. அதே பத்திரிகையில், அதே அளவு எழுத்தில் பதில் சொல்: அந்த மேளத்தைக் கொண்டுவந்தது யார்?