அப்பாவின் கை மறைத்த கொலைகாரன்

வெள்ளைத் திரை முழுக்க ஒரு கறுப்புக் கை. ஐந்து விரல்கள், அதில் சுண்டு விரல் மட்டும் பாதி. எழுபதுகளின் நடுவில் காரைக்குடியில் ஒரு மேட்னி காட்சியில் நான் பார்த்த இத்தாலியக் கொலைப் படத்தில் எனக்கு நன்றாக நினைவிருப்பது அந்தக் கைதான். படத்தில் நடித்த முகம் ஒன்றுகூட நினைவில் நிற்கவில்லை. கை என் அப்பாவுடையது. ஆபரேட்டராக இருந்த காலத்தில் ரீல் சுற்றும் சக்கரத்தில் விரலைக் கொடுத்தவர், பிற்பாடு அதே தியேட்டருக்கு மேனேஜர் ஆனார்.

அம்மா போன பிறகு அப்பாவுக்கு நான், எனக்கு அப்பா. எனக்கு வந்த மூன்று வரன்களை அவர் தட்டிக் கழித்திருந்தார். ஒருத்தனுக்கு ஊர் தூரம், இன்னொருத்தனுக்கு முன்கோபம், மூன்றாமவனுக்கு என்ன குறை என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. மகளை அனுப்ப மனசில்லாமல்தான் மனுஷன் இப்படிச் செய்கிறார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அது அவர் காதிலும் விழுந்தது. அந்த நேரத்தில்தான் தேவகோட்டையிலிருந்து நாலாவது வரன் வந்தது. எனக்குப் பிடித்திருந்தது. இதுவும் கைவிட்டுப் போனால் அப்பாவை மன்னிக்கவே மாட்டேன் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன். பூ வைக்க நாள் குறிக்கும் முன் பெண்ணோடு நாலு வார்த்தை பேசிப் பார்க்கவேண்டும் என்று மாப்பிள்ளையின் அம்மா ஒருநாள் தனியாக வந்தார். வருகிற வழியில் சுவரொட்டியைப் பார்த்திருக்கிறார். கறுப்புக் கையுறை, அதில் ஒரு கத்தி. துப்பறியும் கதை என்றால் சோறு தண்ணீர் வேண்டாத மனுஷி அவர். காபியைக் குடித்துவிட்டு, அந்தப் படத்துக்கே போவோமே என்று அவரே கேட்டுவிட்டார்.

அப்பாவால் எப்படி மறுக்க முடியும்? படப்பெட்டி அன்று காலையில்தான் மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தது, ஓட்டிப் பார்க்க நேரமில்லை. சுவரொட்டியின் மூலையில் ‘ஏ’ போட்டிருந்தது. ரத்தம் வரும், அதற்காகப் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். எங்கள் இருவரையும் பால்கனியில் உட்காரவைத்து, ஆளுக்கொரு கலர் சோடா வாங்கிக் கொடுத்துவிட்டு, மெஷின் ரூமுக்குப் போனார்.

படம் தொடங்கிக் கால்மணி நேரம் ஆகியிருக்காது. ஒரு பெண் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்தாள். மேல்சட்டைப் பொத்தானில் கை வைத்தாள். பக்கத்தில் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. இரண்டாவது பொத்தானில் திரை இருண்டது. லென்ஸுக்கு முன்னால் அப்பா கையை நீட்டிவிட்டார். கீழே பெஞ்சிலிருந்து விசில் பறந்தது. இருட்டுக்குள் தண்ணீர் விழும் சத்தம், கதவு திறக்கும் சத்தம், அப்புறம் அலறல். கை விலகியபோது அவள் போர்வைக்கடியில் பிணமாகக் கிடந்தாள், இன்ஸ்பெக்டர் நிதானமாக சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

அந்தப் படத்தின் கோளாறே அதுதான். எடுத்தவனுக்குத் துணி அவிழ்வதும் கத்தி இறங்குவதும் ஒரே இடத்தில் வேண்டும். குளிக்கப் போனவள் பிழைத்ததாகச் சரித்திரம் இல்லை. இரண்டாவது குளியலிலேயே அப்பா சூட்சுமத்தைப் பிடித்துவிட்டார். குழாய்ச் சத்தம் கேட்டதும் கை வந்தது. உடம்பை மறைக்கப்போய்க் கொலையும் மறைந்தது. எங்களுக்கு மிஞ்சியதெல்லாம் இன்ஸ்பெக்டரின் சிகரெட்டும், கைப்பெட்டியோடு வந்துபோன டாக்டரும், எங்கே போகிறதென்றே தெரியாத கார்களும்தான். மூன்றாவது முறை கை விழுந்தபோது மாப்பிள்ளையின் அம்மா என் பக்கம் சாய்ந்து, “இது ஒங்க அப்பா கைதானத்தா?” என்றார். வீட்டில் காபி டம்ளரை நீட்டியபோது அந்தப் பாதி விரலைப் பார்த்திருக்கிறார். ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து திரையைப் பார்க்க ஆரம்பித்தார். சம்பந்தம் முறிந்தது என்றே முடிவு செய்துவிட்டேன். பயத்தைவிட அப்பா மேல் கோபம்தான் அதிகமாக இருந்தது.

கடைசி ரீல். பெரிய வீடு, சக்கர நாற்காலியில் கதாநாயகியின் அப்பா, எதிரே அவள். குழாயும் இல்லை, குளியலறையும் இல்லை. யாரோ கையுறையைக் கழற்றும் சத்தம் கேட்டது. இனிமேல்தான் முகம் தெரியவேண்டும். அந்த நேரம் பார்த்துக் கை வந்தது, படம் முடியும்வரை விலகவே இல்லை. கீழே பெஞ்சுகளைத் தட்டி உடைக்காத குறைதான், அந்தச் சத்தத்தில் படத்தின் இங்கிலீஷ் பேச்சு எதுவும் காதில் விழவில்லை. கொலைகாரன் யாரென்று கேட்டு வாசலில் கூட்டம் அப்பாவை வளைத்துக்கொண்டது. “டாக்டர்தான்யா” என்று எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னார். ஊர் நம்பிவிட்டது.

பஸ் ஸ்டாண்டில் மாப்பிள்ளையின் அம்மா நேராகவே கேட்டார். “கடைசியில கொழாயே தெறக்கலையேண்ணே. பெறகு எதுக்கு மறச்சீக?”

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, “நீங்க பாக்க வேணாம்னு தோணுச்சும்மா” என்றார்.

பஸ் போய்விட்டது. எட்டு நாள் ஒரு தகவலும் இல்லை. நான் அப்பாவோடு பேசவில்லை, அவரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஒன்பதாம் நாள் அந்த அம்மா பூவும் பழமுமாக வந்து இறங்கினார். பின்னாளில் மாமியாரான பிறகு காரணம் கேட்டேன். “மானத்துக்குப் பயந்த மனுஷன். வேறென்ன வேணும்?” என்றார். ஆனால் டாக்டர் கதையை மட்டும் அவர் கடைசிவரை நம்பவில்லை. தீபாவளிக்கு அப்பா சீர் கொண்டு வரும்போதெல்லாம் கொலைகாரன் யாரென்று விடாமல் கேட்பார். அப்பா சிரித்து மழுப்பிவிடுவார். இருவரும் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது.

போன மாதம் என் நாத்தனார் மகன் அந்தப் படத்தைத் தேடிப்பிடித்து என் போனில் போட்டுக் கொடுத்தான். முழுப் படம், எந்தக் கையும் குறுக்கே வரவில்லை. அப்பா மறைத்த இடங்களில் பிரமாதமாக ஒன்றும் இல்லை. ரத்தம் சிவப்பு மையைப்போல இருந்தது, செத்தவளுக்கு வயிறு ஏறி இறங்கியது. படத்தில் யாரும் கதவைத் தாழ்போடுவதே இல்லை. கொட்டாவி விட்டுக்கொண்டே கடைசிக் காட்சிக்கு வந்தேன். சக்கர நாற்காலியிலிருந்து கதாநாயகியின் அப்பா எழுந்து நின்றார். அதுவரை நடக்க முடியாதவர் எப்படி மாடி ஏறிக் கொன்றார் என்று படத்தில் யாரும் கேட்கவில்லை. மகள் தன்னை விட்டுப் போய்விடக் கூடாதென்று, அவளுக்குக் கல்யாண ஆசை காட்டிய பெண்களையெல்லாம் தானே கொன்றதாகச் சொல்லி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசி ரீலை மாட்டும்போதே அப்பா ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருப்பார். தெரு பேசிய பேச்சு அவ்வளவு பெரிய திரையில் எழுந்து நிற்கப் போகிறது, பால்கனியில் பெண் கேட்டு வந்தவர் உட்கார்ந்திருக்கிறார். எட்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தேனே. அழுதேன்.

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். “படம் முடிஞ்சிருச்சா? யாருதான் கொலகாரன்? எங்கம்மா கேட்டுக்கிட்டே போச்சே.”

போனின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டேன்.

“டாக்டர்தாங்க” என்றேன்.