போயிருக்கும் சார்

கேப்சூல் வெளியேறியதை நோயாளி கண்ணால் பார்க்கவில்லை என்றால், இரண்டு வாரம் முடிந்ததும் வயிற்றை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். இது நான் போட்ட விதி அல்ல. அந்த ஆஸ்பத்திரியே அச்சடித்து, என் மனைவியிடம் கையெழுத்து வாங்கிய தாளில் ஐந்தாவது பத்தி. அரசு அலுவலகத்தில் ஆயுள் முழுக்க விதிகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். தாங்கள் எழுதியதைத் தாங்களே படிக்காத அதிகாரிகள் எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று. ஆனால் அவர்களில் யாரும் என் மனைவியின் குடலில் ஒரு கேமராவை விட்டுவிட்டு மறந்ததில்லை.

மனைவி ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். ஒரு வருஷமாக அவளுக்கு ரத்தம் குறைந்துகொண்டே வந்தது. மாடி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவாள். வாய் வழியாக ஒரு குழாயை விட்டுப் பார்த்தார்கள், பிறகு ஆசனவாய் வழியாக ஒன்று. இரண்டிலும் ஒன்றுமில்லை. நடுவில் சுருண்டு கிடக்கிற சிறுகுடலை அந்தக் குழாய்கள் எட்டாது. அதற்காகத்தான் கேப்சூல். பெரிய மாத்திரை அளவில் இருக்கும், உள்ளே விளக்கும் கேமராவும். விழுங்கினால் போகிற வழியெல்லாம் படம் எடுத்து, இடுப்பில் கட்டிய பெட்டிக்கு அனுப்பும்.

ஜி.எஸ்.டி. சாலையில் புதிதாக முளைத்த ஆஸ்பத்திரி அது. வரவேற்பறையில் ஒரு ராட்சதத் திரை. குவியல் குவியலான படங்களைச் செயற்கை நுண்ணறிவு நொடியில் அலசிவிடும் என்று நாள் பூராவும் பீற்றிக்கொண்டிருந்தது. இத்தனை அறிவு குவிந்திருந்த கட்டடத்தில், "மூட்டு வலிக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களாம்மா?" என்று கேட்க மட்டும் ஒருவருக்கும் அறிவு இல்லை. மெடிக்கல் ஷாப்பில் தானே கேட்டு வாங்கி, வருஷக்கணக்கில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள் அவள்.

அறிக்கை வந்தது. பார்த்தவரை குறையில்லை, பெருங்குடலை அடையுமுன் பேட்டரி தீர்ந்துவிட்டது, முடிவு: இயல்பு. தாம்பரத்தில் ரயில் ஏறிப் அடுத்த ஸ்டேஷன் பெருங்களத்தூரிலேயே தூங்கிப்போனவன், செங்கல்பட்டு வரை தண்டவாளம் பிரமாதம் என்று எழுதிக் கொடுத்ததைப் போல. கீழே கையெழுத்து, அதற்கும் கீழே பட்டங்கள்.

பிறகு எங்கள் வீட்டில் ஒரு கண்காணிப்புப் பணி தொடங்கியது. அது எப்படி நடந்தது என்று விவரிக்கப் போவதில்லை. "சர்வீஸ் பூரா ஃபைல் பார்த்தீங்க. இப்ப இதைப் பாருங்க," என்றாள் மனைவி. பார்த்தேன். கேப்சூல் வரவில்லை. வந்தது வேறு; சாப்பிட்டதும் தொப்புளைச் சுற்றி முறுக்கிப் பிடிக்கிற வலி.

இரண்டு வாரம் முடிந்ததும் போன் செய்தேன். நோயாளி நலப் பிரிவாம். தேன் தடவிய குரலில் ஒரு பெண்.

"போயிருக்கும் சார். நிறைய பேர் கவனிக்க மாட்டாங்க."

"நாங்க கவனிச்சோம்மா. போகல."

"இல்ல சார், நார்மலா போயிடும்."

"அப்ப அஞ்சாவது பத்தியை எதுக்கு அச்சடிச்சீங்க?"

"அது ஸ்டாண்டர்ட் ஃபார்மட் சார்."

நேரில் போனேன். டாக்டர் எழுதித் தராமல் எக்ஸ்ரே எடுக்க முடியாது. டாக்டர் மாநாட்டுக்குப் போயிருக்கிறார். கேப்சூல் எண்டோஸ்கோப்பி பற்றித்தான் பேசப் போயிருக்கிறாராம். மின்னஞ்சல் அனுப்பினேன். உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம் என்று மறுநொடியே இயந்திரம் பதில் போட்டது. மனிதர்கள் யாரும் போடவில்லை. ஆயுத பூஜை வந்தது. அங்கே இயந்திரங்களுக்கெல்லாம் பொட்டு வைத்திருப்பார்கள்.

பீர்க்கன்கரணையில் எங்களுக்குப் பழக்கமான டாக்டர் ஒருவர் சீட்டு எழுதிக் கொடுத்தார். பக்கத்துத் தெரு எக்ஸ்ரே கடைக்குப் போனோம். படம் எடுத்தவர் திரையைப் பார்த்து அசந்துபோனார்.

"இன்னாம்மா முழுங்கிக்கீறே? டார்ச் லைட்டா?"

"கேமராப்பா."

"அட, செல்ஃபி எடுக்க வேற எடமே கெடைக்கலியா?"

மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆட்டோவில் ஏறியதும் நின்றுவிட்டது. ஒரு பொருள் மாட்டிக்கொண்டிருக்கிறது என்றால் அங்கே ஏதோ அடைத்துக்கொண்டிருக்க வேண்டும். கணக்கு டீச்சருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவளுடைய அண்ணன் குடலில் புற்று வந்துதான் போனார். அந்த வாரம் முழுவதும் அந்தச் சொல்லை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

பீர்க்கன்கரணை டாக்டர் எங்களை நகருக்குள் ஓர் அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார். பெயின்ட் உரிந்த சுவர், திரை கிடையாது. அங்கிருந்த பெண் டாக்டர் முதல் கேள்வியே மூட்டு வலி மாத்திரையைப் பற்றித்தான் கேட்டார். அந்த மாத்திரையை நாள்பட சாப்பிடுகிறவர்களுக்கு, தானாகக் கரைந்துபோகிற வெற்றுக் கேப்சூலை முதலில் கொடுத்து வழி திறந்திருக்கிறதா என்று பார்ப்பதுண்டு என்றார். செய்யப்போவதையும் விளக்கினார். நீளக் குழாய், நுனியில் பலூன். அதை ஊதிக் குடலைப் பிடித்துக்கொண்டு, குழாயின் மேலேயே குடலைச் சுருக்கிச் சுருக்கி முன்னேறுவார்கள்.

"பாவாடைக்கு நாடா கோக்கற மாதிரியா?" என்றாள் மனைவி.

"அதேதான் டீச்சர்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் வெளியே வந்து முதலில் சொன்னது, "கட்டி எதுவும் இல்ல சார்." மூட்டு வலி மாத்திரைகள் குடலைப் புண்ணாக்கி, அது ஆறிய இடம் ஜவ்வு போல் வளையமாகச் சுருங்கியிருந்தது. ரத்தம் கசிந்ததும் அங்கேதான், கேப்சூல் நின்றதும் அங்கேதான். வளையத்தைப் பலூனால் விரித்து, கேப்சூலைச் சின்ன வலையில் பிடித்து வெளியே இழுத்துவிட்டார்கள். வளையத்திலிருந்து கிள்ளியெடுத்த சதையைப் பரிசோதித்ததிலும் கெட்டதாக எதுவும் இல்லை.

"கேப்சூல் அது வேலையைச் சரியாத்தான் செஞ்சிருக்கு சார். எங்க நின்னுச்சோ அதுதான் ரிப்போர்ட். படிக்கத்தான் ஆளில்ல," என்றார்.

மாத்திரையை நிறுத்தினாள். ரத்தம் மெல்ல ஏறியது. கேப்சூலைக் கழுவி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அது டி.வி.க்குப் பக்கத்தில் இருக்கிறது.

கடைசியில், கார்த்திகை தீபத்துக்கு மறுநாள், அந்த ஆஸ்பத்திரியிலிருந்து பதில் வந்தது. தங்கள் மின்னஞ்சல் உரிய கவனத்துடன் பரிசீலிக்கப்பட்டது. கேப்சூல் இயற்கையாக வெளியேறியிருக்கும். ஐயம் இருப்பின் எக்ஸ்ரே எடுத்துக்கொள்ள நேரில் வரவும். உரக்கப் படித்துக் காட்டினேன். ஒரே மூச்சில் மாடி ஏறி, முந்தின நாள் ஏற்றிய அகல்களை இறக்கிக்கொண்டு வந்தவள், டப்பாவை எடுத்து என் கையில் வைத்தாள்.

"போயிட்டு வாங்க. நல்லா எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்க."