மாமா கூட்டிய வேகம்

இளம்பிள்ளையில் எங்கள் வீட்டை ஒட்டியே தறிக்கூடம். அப்பா அங்கே விசைத்தறிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். அடுத்த அறையில் அம்மா கம்ப்யூட்டரில் சேலை பார்டர்களுக்கு டிசைன் போடுவார். கல்யாணத்துக்குப் பிறகு கற்றுக்கொண்ட வேலை. அந்தக் கம்ப்யூட்டரின் மேல் அப்பாவுக்குப் பெரிய நம்பிக்கை இருந்ததில்லை. அம்மாதான் பிடிவாதமாக நின்று வாங்கவைத்தார். அதனால் அது ஒழுங்காக ஓட வேண்டிய பொறுப்பும் அம்மாவின் தலையில் வந்து விழுந்திருந்தது.

அந்த வருஷம் அது மிகவும் சோம்பிப்போயிருந்தது. பார்டர் டிசைனில் ஒரு மயிலைப் பெரிதாக்கிப் பார்ப்பதற்குள் அம்மா அடுப்படிக்குப் போய்ச் சோறு வடித்துவிட்டு வந்துவிடுவார். அந்தச் சமயத்தில்தான் கல்லூரி விடுமுறைக்கு மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பி. கம்ப்யூட்டரைப் பற்றி அவர் பார்க்காத வீடியோ கிடையாது. கையால் எதையும் செய்து பார்த்ததும் கிடையாது என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

“புராசசர இன்னும் வேகமா ஓட வெக்கலாங்க்கா. ஓவர்கிளாக்குனு பேரு. நாலு நம்பர மாத்துனாப் போதும்” என்றார்.

“ஒண்ணும் ஆயிராதில்ல சாமி? நாளைக்குச் செவ்வாய்ப்பேட்டை ஜவுளிக்கடைக்காரரு டிசைன் பாக்க வாராரு.”

“நானிருக்கேன்லீங்க்கா.”

நான் அதுவரை பார்த்திராத ஒரு திரைக்குள் நுழைந்து எண்களைக் கூட்டிவைத்தார். மயில் சட்டென்று விரிந்தது. அம்மா சின்னப் பிள்ளைபோலக் கைதட்டினார். மாமா சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். அடுத்த முறை பாதித் தோகையில் படம் உறைந்தது. கம்ப்யூட்டர் தானே அணைந்தது, தானே எழுந்தது, மறுபடி அணைந்தது. பிறகு உள்ளே காற்றாடி மட்டும் சுற்ற, திரை கறுப்பாகவே நின்றுவிட்டது.

மாமா ஒயர்களைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினார். மெமரியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். எதற்கும் அது அசையவில்லை. அம்மா திட்டவில்லை; அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு, “அப்பாகிட்டச் சொல்லிப்போடாத” என்றார் என்னிடம்.

“டிசைனெல்லாம் பத்திரமாத்தான் இருக்கோணுங்க்கா” என்றார் மாமா. அந்தக் குரலை அவரே நம்பியிருக்கமாட்டார். கூடப் படிக்கும் சிநேகிதனுக்குப் போன் போட்டார். எதிர்முனையில் சிரிப்பு எனக்கே கேட்டது. போர்டில் இருக்கும் வட்ட பேட்டரியைக் கழற்றி வைத்தால் மாற்றிய எண்கள் எல்லாம் மறந்துபோய்ப் பழைய நிலைக்கு வந்துவிடுமாம். கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நாணயம்போல் இருந்த அந்த பேட்டரியை நெம்பி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பத்து நிமிஷம் அதை மூடிப் பிடித்துக்கொண்டிருந்தேன். திரும்ப மாட்டி சுவிட்சைப் போட்டதும் திரை வெளிச்சமானது. மூலையில் நான் பிறப்பதற்கும் முந்தைய ஏதோ ஒரு வருஷம் காட்டியது. எண்களோடு தேதியும் மறந்துபோயிருந்தது; மாமா அதைச் சரிசெய்தார்.

“மயில் இருக்குதாடா?” என்று மட்டும் அம்மா கேட்டார்.

இருந்தது. எல்லாமே இருந்தன. அம்மா விட்ட மூச்சில் மேசையிலிருந்த காகிதம் நகர்ந்தது.

ஆனால் பழைய எண்களிலும் சூடு ஏறிக்கொண்டே போவதை மாமா கவனித்தார். மறுபடி அணைத்து, புராசசருக்கு மேலிருந்த காற்றாடியைக் கழற்றினார். அடியில் இருந்த தகடுகளுக்கு நடுவே அரக்கும் பச்சையுமாக நூல்பஞ்சு மெத்தைபோல அடைந்திருந்தது.

“இதுக்கு வேகம் பத்தாம இல்லீங்க்கா. மூச்சு முட்டியிருக்குது. தறிக்கூடத்து ஜன்னல் வழியா வர்ற பஞ்சு அத்தனையும் இங்கதான் கெடக்குது.”

அம்மாவின் பெயிண்ட் பிரஷால் பஞ்சை எல்லாம் எடுத்தார். அதன்பிறகு எந்த எண்ணையும் கூட்டாமலே மயில் கேட்டவுடன் விரிந்தது. அம்மா அவர் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுச் சிரித்தார். நாங்கள் மூவரும் நிறுத்த முடியாமல் சிரித்தோம்.

சாயங்காலம் டீ குடிக்க வந்த அப்பா, “டிசைன் ஆச்சா புள்ள?” என்றார்.

“ஆச்சுங்க.”

வேறொன்றும் கேட்கவில்லை. டம்ளரை வைத்துவிட்டுச் சுத்தியலும் பிளாஸ்டிக் ஷீட்டுமாக வந்து, தறிக்கூடத்துப் பக்கம் இருந்த ஜன்னலை இழுத்து மூடி ஆணியடித்தார். தறி ஓடுவதை வேடிக்கை பார்க்க எனக்கிருந்த ஒரே ஜன்னல் அது. அழுது ஆர்ப்பாட்டம் செய்தேன். அப்பா காரணமும் சொல்லவில்லை, ஷீட்டையும் எடுக்கவில்லை.

அப்பாவுக்கு எதுவும் தெரியாமல் தப்பித்தோம் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். மாமா பேட்டரியை எடுத்ததிலிருந்து நாங்கள் சிரித்து முடிக்கும்வரை தறிச் சத்தமே இல்லை. கரண்ட் போயிருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். ஆனால் அவ்வளவு நேரமும் எங்கள் தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது.