விளாம்பிசின் மீது விழுந்த பழி

சீனியைப் போன்ற வெள்ளைத் தூள் ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தலின் அடியில் கொஞ்சமாகக் கிடந்தது. உடம்புக்குள் மெல்லக் கரைந்துபோகும் ஒருவகைப் பிளாஸ்டிக் அது என்று ஆய்வுகூடத்தில் மருந்து செய்து பார்க்கும் மிஸ் சொல்லியிருந்தார். நாட்டில் டொலர் இல்லாத காலம். இன்னொரு போத்தல் வரவழைக்க வழியில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கல்முனையிலிருந்து பஸ்ஸில் போய் அந்த ஆய்வுகூடத்தில் கண்ணாடிச் சாமான்கள் கழுவுவது என் வேலை. மிஸ் என்னைவிட வயதில் மிகவும் இளையவர்; அண்ணன் முறையில் என்னைக் 'காக்கா' என்பார். அந்தத் தூளையும் மருந்தையும் ஒன்றாகக் கரைத்து, இயந்திரம் சுழற்றும் நீரில் துளித்துளியாக விடுவார். சில மணி நேரத்தில் துளிகள் கண்ணுக்குத் தெரியாத மணிகளாக இறுகும். ஊசியில் ஏற்றினால் ஒரு மாதம் உடம்பில் மருந்து கசிந்துகொண்டிருக்குமாம். இறுகும்வரை துளிகள் ஒட்டாதிருக்க வெளிநாட்டுப் பசை ஒன்றை நீரில் சேர்ப்பது வழக்கம். மிஸ் அதற்குப் பதிலாக, சாகாமத்து விளாமரங்களில் எடுத்த பிசினைச் சேர்த்தார்.

"தினம் ஊசி குத்தி வாப்பாட கை கறுத்துப் போச்சு காக்கா. மாசத்துக்கு ஒண்டு, அதுவும் நம்மட ஆக்கள் வாங்குற விலையில வேணும்" என்பார் மிஸ், தன் தகப்பனின் நோயை நினைத்து.

நான் தலையாட்டுவேன்.

"வாய்க்குள்ள என்ன, கொழுக்கட்டையா? ஓம் எண்டாவது சொல்லுங்களேன்!"

கடைசித் தூளைக் கரைத்தது ஒரு வெள்ளிக்கிழமை. மிஸ்ஸுக்குக் கூட்டம் இருந்தது. "நீங்க ஜும்ஆத் தொழுகைக்குப் போனாலும் இது சுத்தட்டும் காக்கா, நிக்கப்படா" என்று சொல்லிவிட்டுப் போனார். பள்ளிவாசலில் பாங்கு கேட்டதும் எழுந்தேன். எங்கிருந்து வெளியேறினாலும் மின்விசிறியை நிறுத்திப் பழகிய கை, கதவருகே இருந்த சுவிட்சுகளை எல்லாம் ஒன்றாகத் தட்டிவிட்டது.

திரும்பி வந்தபோது இயந்திரம் நின்று, துளிகள் அடியில் கூழாகக் கிடந்தன. சுவிட்சைப் போட்டேன். நீர் மறுபடி சுழன்றது.

மிஸ் நுணுக்குக்காட்டியில் வெகுநேரம் குனிந்திருந்தார். "கட்டி கட்டியா ஒட்டிக் கிடக்கு. இடையில கரண்ட் போனதா காக்கா?"

கரண்ட் போகவில்லை. "இல்ல மிஸ்" என்றேன்.

"அப்ப பிசின்தான் சரியில்ல." அப்படியே அறிக்கையும் எழுதினார்.

சில மாதங்களில் அவருடைய வாப்பா மௌத்தானார். சொல்லிவிடும் எண்ணத்தோடுதான் மையத்து வைத்திருந்த மரண வீட்டுக்குப் போனேன். அழுது வீங்கிய முகத்தோடு கதவருகே வந்து, "காக்கா, அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கீங்க, தேத்தண்ணி குடிக்காமப் போகாதீங்க" என்றார். குடித்துவிட்டு வந்தேன்.

மிஸ் இப்போது நாட்டில் இல்லை. அண்மையில் ஒரு மாணவி விளாம்பிசினில் செய்து பார்க்கலாமா என்று கேட்டாள். மிஸ்ஸின் இடத்துக்கு வந்த புதிய சேர் பழைய அறிக்கையை எடுத்து நீட்டினார். "அது சரிவராது மகள். முந்தியே செஞ்சு பாத்தாச்சு." அவள் தன் குறிப்புப் புத்தகத்தில் விளாம்பிசின் என்று எழுதியிருந்த வரியை வெட்டினாள். பக்கத்து மேசையில் நின்று நான் குவளைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.