எல்லாருக்கும் நார்மல்

கம்பெனி வைத்தியத்துக்கு வரலாறு எழுதப் போகிறார்களாம். எழுதட்டும். வழவழப்பான தாளில் பெரிய டாக்டர்களின் படமெல்லாம் வரும். பஞ்சு சிஸ்டரின் படம் வராது. வந்தாலும் ஓரத்தில் பாதித் தோள்தான் தெரியும்.

அவள் நர்ஸாகச் சேர்ந்தபோது அங்கே வைத்தியம் என்பது ஸ்டோர்காரர் மேசைக்கு அடியில் கிடந்த ஒரு தகரப் பெட்டி. சாவி அவர் இடுப்பில். ரத்தம் சொட்டச் சொட்ட வந்தவனைக்கூட "நம்பர் என்ன?" என்று கேட்டு எழுதிக்கொண்டுதான் திறப்பார். அப்புறம் ஒரு அறை வந்தது, ஒரு கட்டில் வந்தது, வாரத்துக்கு இரண்டு நாள் எட்டிப் பார்க்கும் டாக்டர் வந்தார். அந்த மகராசனுக்குத் தலைவலியும் ஒன்று, தலை உடைந்ததும் ஒன்று. எல்லாவற்றுக்கும் அதே வெள்ளை மாத்திரை. பழுக்கக் காய்ச்சிய இரும்பை ராட்சதச் சம்மட்டியால் அடிக்கும் பட்டறை ஒன்று இருந்தது. அந்தச் சத்தத்துக்கு யாரும் ஒன்றும் கொடுக்கவில்லை. சிஸ்டர்தான் காதில் அடைத்துக்கொள்ளப் பஞ்சைக் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்தாள். பேர் அப்படி வந்தது. "சிஸ்டர், இன்னும் கொஞ்சம் கொடுத்தீங்கன்னா ஒரு தலையணை தைச்சுடுவேன்" என்று கிண்டலடித்த பட்டறைக்காரர் ஒருவரைத்தான் கல்யாணமும் செய்துகொண்டாள்.

பிறகு, மேலிடம் நெருக்கியதால், காது பார்க்கும் மெஷின் வந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை ஆள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். சிஸ்டர் பட்டனை அமுக்குவாள். ஒலி கேட்டால் அவர் விரலைத் தூக்க வேண்டும். அமுக்கும்போது முழங்கை லேசாக அசையும் அல்லவா? காது மந்தமானவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அதையே பார்ப்பார்கள்.

முதல் வருஷம் அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒழுங்காகத்தான் சோதித்தாள். ஒருவர் தேறவில்லை. அவரைக் கழிவு இரும்பு பொறுக்க அனுப்பினார்கள். கம்பெனி வீடு பட்டறை ஆட்களுக்கு மட்டும்தான் என்பதால் வீடும் போயிற்று. காலி செய்த அன்று அவர் மனைவி பாத்திர மூட்டையோடு சிஸ்டரைத் தாண்டிப் போனாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அடுத்த வருஷம் சிஸ்டர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். முழங்கையை நன்றாகவே அசைத்தாள். எல்லாருக்கும் நார்மல். நல்லது செய்வதாகத்தான் நினைத்தாள், பாவி! இதைப் பற்றி யாரும் வாயைத் திறந்ததில்லை. அவர்கள் பார்ப்பது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும் என்று இருந்துவிட்டாள்.

இப்போது அவள் வீட்டுக்காரருக்கு இடி விழுந்தாலும் கேட்காது. கம்பெனி தன் ஆஸ்பத்திரியை வெளியாரிடம் ஒப்படைத்துக் கைகழுவப் போகிறது. அதற்கு முன்னால், வேலையால் காது போனவர்கள் மனுக் கொடுக்கலாம் என்று அறிவிப்பு. இன்று கடைசி நாள். ஏற்றுக்கொண்டால் காதுக்கு மெஷினும் ஆயுசுக்கும் சிகிச்சையும் உண்டு. அவர் கேட்டது அதுகூட இல்லை. "அந்தப் பட்டறையிலதான் போச்சுன்னு ஒரு தாள்ல எழுதிக் கொடுக்கட்டும். என்னமோ பொறந்ததிலேருந்தே செவிடுங்கற மாதிரி பேசறானுங்க."

சிஸ்டர் அவரைக் கூட்டிப் போய் டாக்டர் முன்னால் உட்கார வைத்தாள். புது டாக்டரம்மா சின்ன வயசு. ஃபைலை ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள்.

"பதினாலு வருஷமும் நார்மல்னே இருக்கு. இதை வச்சுக்கிட்டு பட்டறையில போச்சுன்னு நான் எப்படிங்க எழுதறது?"

எல்லாம் சிஸ்டரின் குண்டு குண்டுக் கையெழுத்து. பயமோ வெட்கமோ வந்திருக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி மனசு மரத்துக் கிடந்தது.

"அதெல்லாம் நான் எழுதினதுதான். பொய்" என்றாள்.

டாக்டரம்மா நிமிர்ந்தாள். "எல்லாமேவா?"

"முதல் வருஷம் நிஜம். அப்போ அவருக்கு நல்லாவே கேட்டுச்சு."

"எப்போ குறைஞ்சுதுன்னு தெரியுமா?"

"மூணாவது வருஷம். எனக்குச் சந்தேகமா இருந்துச்சு. பட்டனை அமுக்காம முழங்கையை மட்டும் அசைச்சுப் பார்த்தேன். விரலைத் தூக்கிட்டார்."

கடையில் சாமான் பேர் சொல்வதுபோலச் சொன்னாள். டாக்டரம்மா வரி வரியாக எழுதினாள். "இது போதும், இவருக்குக் கிடைச்சிடும். ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க." சிஸ்டர் போட்டாள். இவ்வளவு நேரமும் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தாளை வாங்கி, கண்ணாடி மாட்டி, விரல் வைத்துப் படித்தார். நடுவில் ஓரிடத்தில் விரல் நின்றது.

தன் குரல் எவ்வளவு பெரிசு என்று அவருக்குத் தெரியாது. "நான்தான் உன்னை ஏமாத்தறேன்னு நினைச்சிட்டிருந்தேன்!" என்று கத்தினார். "வருஷா வருஷம் டெஸ்ட் அன்னிக்கு உன் முகத்தைப் பார்க்கவே கூசும். சோறு எறங்காது."

சிஸ்டர் அவர் பக்கம் திரும்பினாள்.

"மூணாவது வருஷமே தெரியுமா? தெரிஞ்சுமா இன்னும் பதினொரு வருஷம் அங்கே அனுப்பினே?"

"வீடு போயிடும்னுதாங்க..." என்றாள். உதட்டைப் பார்த்தால்தான் அவருக்குப் பேச்சு புரியும். அவர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு, அவளைப் பார்க்காமலே வெளியே போனார்.

அந்தக் கத்தல் மெயின் கேட் வரைக்கும் கேட்டிருக்கும். வெளிப் பெஞ்சில் பழைய பட்டறை ஆட்கள் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் திரும்பவில்லை.

"அடுத்தவங்க வரலாம்" என்றாள் டாக்டரம்மா. யாரும் எழுந்திருக்கவில்லை. சிஸ்டர் போய் முதல் ஆளின் தோளைத் தொட்டாள். அவர் நிமிர்ந்து பார்த்து, முகமெல்லாம் சிரிப்பானார்.

"அட, நம்ம பஞ்சு சிஸ்டர்! நீங்க இருந்தா எனக்கென்ன கவலை?"