ஊதாத ட்ரம்பெட்

என் அக்கா டோரதியின் புருஷன் கிளெமென்ட்டைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள். குடிக்க மாட்டார், குரலை உயர்த்த மாட்டார், ஞாயிற்றுக்கிழமை பூசையைத் தவறவிட மாட்டார். ஆனால் அந்த மனுஷனைக் கூட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் லேபர் ஆபீஸுக்குச் செருப்புத் தேய நடந்தவள் நான். என் வாயில் அவ்வளவு சுலபமாக நல்ல வார்த்தை வராது.

நாங்கள் இருக்கும் பிரேசர் டவுனில் அவரை எல்லோருக்கும் தெரியும். ஓஸ்வால்ட் மாஸ்டரின் பேண்ட் செட்டில் ட்ரம்பெட் வாசிப்பவர். கல்யாண ஊர்வலம், தேர்பவனி, சாவு எதுவானாலும் சிவப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார். "என்ன வேலை பண்றீங்க?" என்று யார் கேட்டாலும், "பேண்ட்ல இருக்கேன்" என்பார். வாரத்துக்கு ஆறு நாள் ஹெப்பகோடிப் பக்கம் ஒரு ஃபாக்டரிக்குப் போய் வந்ததைச் சொல்லவே மாட்டார். வீட்டு வாடகை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அந்த ஃபாக்டரிச் சம்பளத்தில்தான் நடந்தன. கேட்பவர்களுக்கு மட்டும் அவர் ட்ரம்பெட்காரர்.

ஃபாக்டரியில் லாரிகளுக்கு பிரேக் லைனிங் செய்தார்கள். ஆஸ்பெஸ்டாஸ் நாரைக் கொட்டிக் கலக்குவதும், அச்சில் வந்த துண்டுகளைத் தேய்த்து வழவழப்பாக்குவதும் அவர் வேலை. சாயந்திரம் வீட்டுக்கு வரும்போது புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். அக்கா அவர் சட்டையை வாசலில் வைத்து உதறிவிட்டுத்தான் ஊறவைப்பாள். முகத்தில் கட்டிக்கொள்ள கம்பெனி ஒரு துணி கொடுத்தது. ட்ரம்பெட் ஊதுகிறவன் உதட்டில் துணி உரசக்கூடாது என்று இவர் அதை டிபன் பாக்ஸ் துடைக்க வைத்துக்கொண்டார்.

தொண்ணூற்று மூன்றில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. கன்டோன்மென்ட் ஸ்டேஷன் மேம்பாலத்தில் பாதியில் நின்று, ரயில் பார்ப்பதுபோல் கம்பியைப் பிடித்துக்கொள்வார். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன வேலை என்று கேட்டார். இவர் வழக்கம்போல், "பேண்ட்ல ட்ரம்பெட் சார்" என்றார். டாக்டரும் எழுதிக்கொண்டார். டி.பி. என்று ஒரு வருஷம் மாத்திரை கொடுத்தார்கள், ட்ரம்பெட்டை நிறுத்தச் சொன்னார்கள். மாத்திரையைத் தின்றுகொண்டே இவர் தினமும் அதே தூசிக்குப் போய்வந்தார். அடுத்த முறை நான் கூடப் போனேன். அன்றைக்கு இருந்தவர் வேறு டாக்டர். அவரிடமும் இவர் "பேண்ட்ல" என்று ஆரம்பிக்க, எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது.

"டாக்டர், இவர் இருபது வருஷமா பிரேக் லைனிங் ஃபாக்டரில இருக்காரு. ஆஸ்பெஸ்டாஸ்" என்றேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எக்ஸ்ரேயைத் திரும்ப எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நுரையீரல் தழும்பேறிப் போயிருக்கிறது, போனது போனதுதான், இனித் திரும்பாது என்றார். வெளியே வந்ததும் மாமா என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "பேண்ட் வேலைன்னு சொன்னா என்னா தப்பு குளோரியா?" நான் விறுவிறுவென்று முன்னால் நடந்தேன். வாயைத் திறந்திருந்தால் ஆஸ்பத்திரி வராந்தா என்றும் பார்த்திருக்க மாட்டேன்.

ஃபாக்டரி அவரை வீட்டுக்கு அனுப்பியது. இனி எந்த ஃபாக்டரியும் வேலைக்கு எடுக்காது. அக்கா நாலு வீட்டுக்குத் துணி தைக்க உட்கார்ந்தாள். சம்பாதிக்கும் திறனை இழந்ததற்கு நஷ்டஈடு கேட்டு லேபர் ஆபீஸில் மனுப் போட்டோம். அது வந்தால்தான் மருந்தும் வாடகையும் நடக்கும் என்ற நிலைமை. நோய் இருப்பதைக் கம்பெனியாலும் மறுக்க முடியவில்லை, எக்ஸ்ரே இருந்தது. எவ்வளவு இழந்தார் என்பதில்தான் வழக்கு.

மூச்சைச் சோதிக்க ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார்கள். சும்மா ஊதினால் போதும். இவர் என்ன செய்தார் தெரியுமா? எழுந்து நின்றார். சட்டைக் காலரைச் சரிசெய்தார். தோளைத் தளர்த்தி, வயிற்றிலிருந்து மூச்சை எழுப்பி, பேண்ட்டில் முதல் வரிசைக்காரன் எப்படி ஊதுவானோ அப்படி ஊதினார். நர்ஸம்மா, "ரொம்ப சென்னாகி, நல்லா பண்றீங்களே" என்றாள். இவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. அதன் பிறகு அரை மணி நேரம் பெஞ்சில் சுருண்டு கிடந்தார், அதை எந்த மெஷினும் பதியவில்லை. இந்த வயசு ஆளுக்குப் பரவாயில்லை என்று ரிப்போர்ட் வந்தது.

"உங்கள யாரு மாமா அவ்ளோ தம் கட்டி ஊதச் சொன்னது?"

"கொழாயக் குடுத்து ஊதுன்றாங்க. அரைகுறையா எப்படி ஊதறது? நான் ட்ரம்பெட் ஆளு."

அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அழுதாளா சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை.

அதுகூடப் போகட்டும். ரெண்டாயிரத்தில் ஒரு வாய்தாவுக்குப் போனால், கம்பெனி வக்கீல் வெங்கடராமன் ஒரு டிவியையும் வீடியோ டெக்கையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கம்பெனியின் அக்கவுன்ட்ஸ் ஆபீஸர் வீட்டுக் கல்யாண கேசட். மாப்பிள்ளை ஊர்வலம் ஓடியது. சிவப்புக் கோட்டு, தங்கச் சரிகை, முதல் வரிசையில் மூன்றாவது ஆள் எங்கள் கிளெமென்ட். கன்னம் ரெண்டும் பந்துபோல் உப்பியிருக்க, கண்ணை அரைவாசி மூடி, ட்ரம்பெட்டை வானத்துக்குத் தூக்கி ஊதிக்கொண்டிருந்தார்.

"நுரையீரல் போச்சுன்னு மனு போட்டிருக்கிறவர் இவர்தான் சார்" என்றார் வெங்கடராமன்.

எங்கள் வக்கீல் என்னைப் பார்த்தார், நான் மாமாவைப் பார்த்தேன். மாமா வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டதுபோல் உட்கார்ந்திருந்தார். பேண்ட்டை விட்டுவிட்டேன் என்று எங்களிடம் சொல்லிவிட்டு, தெரிந்தவர் வீட்டு வேலைக்குப் போகிறேன், நண்பனைப் பார்க்கப் போகிறேன் என்று முகூர்த்த நாளெல்லாம் கிளம்பிப் போனது இதற்குத்தானா? வழக்கை விசாரித்த லேபர் ஆபீஸர் அடுத்த வாய்தாவுக்குத் தள்ளிவைத்தார். ஆட்டோவில் வீடு வரைக்கும் நான் கத்திக்கொண்டே வந்தேன். டிரைவர் ரெண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

வீட்டில் அக்காவும் சேர்ந்துகொண்டாள். "நான் ராத்திரி பகலா மெஷின் மெதிக்கிறேன். நீங்க போயி மிச்சம் மீதி இருக்கிற மூச்ச ரோட்ல ஊதிட்டு வர்றீங்களா?"

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு, "நான் ஊதல டோரதி" என்றார்.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. பேண்ட் செட்டுக்குப் பார்ட்டிகள் தலை எண்ணித்தான் காசு கொடுப்பார்கள். இருபது பேர் என்று பேசினால் இருபது சிவப்புக் கோட்டு நிற்க வேண்டும். இருபது பேருக்கும் ஊதத் தெரிய வேண்டும் என்பதில்லை. எல்லா பேண்ட்டிலும் ரெண்டு மூன்று பேர் வாத்தியத்தை வாயில் வைத்துக் கன்னத்தை உப்பிக்கொண்டு நடப்பார்கள், சத்தம் வராது. மூச்சுப் போன பிறகு ஓஸ்வால்ட் மாஸ்டர் இவரை அந்த இடத்தில் நிறுத்தியிருந்தார். ட்ரம்பெட்டின் வாய்க்குள் துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு இவர் நாலு வருஷமாக ஊமையாக நடந்துகொண்டிருந்தார். அந்தத் தெருவில் அவரைவிட நன்றாக ஊதினவர் கிடையாது, அவர்தான் இப்படி நடந்தார். வெட்கத்தில் எங்களிடம் சொல்லவில்லை.

"இத அங்கயே சொல்றதுக்கென்ன?" என்றேன். கேட்கும்போதே என் சத்தம் இறங்கிவிட்டது.

அன்றைக்கே ஓஸ்வால்ட் மாஸ்டர் வந்தார். செய்தி அவருக்கு எட்டியிருந்தது. "கிளெமென்ட், நீ இத வெளிய சொன்னா நான் கடைய மூடிக்கணும்பா. இனிமே ஒவ்வொரு பார்ட்டியும் ஒவ்வொருத்தனையா ஊதச் சொல்லிப் பாப்பான்."

"சொல்லாட்டி நான் வீட்ட மூடணும் மாஸ்டர்" என்றாள் அக்கா. மாமா ரெண்டு பேரையும் பார்த்துத் தலையாட்டினார். யாருக்கு ஆட்டினார் என்று தெரியவில்லை.

அடுத்த வாய்தாவில் அவராகவே எழுந்தார். "சார், அதுல நான் ஊதல. கணக்குக்கு நின்னேன்." கன்னடத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை சொன்னார். ஆபீஸருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்துவிட்டார். குமாஸ்தா சிரித்தார், பின்னால் வேறு வழக்குக்கு வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எனக்கு அங்கே இருந்த எல்லோர்மேலும் ஆத்திரம் வந்தது.

வெங்கடராமன் சிரிக்கவில்லை. "ஊதற மாதிரி நடிக்கத் தெரிஞ்சவருக்கு, ஊத முடியாத மாதிரி நடிக்கத் தெரியாதா சார்?" என்றார்.

ஆபீஸர் யோசித்தார். நல்ல மனுஷர்தான். "அடுத்த முறை ட்ரம்பெட்டைக் கொண்டு வாருங்கள். ஒரு டாக்டரும் இருக்கட்டும். ஊதிக் காட்டுங்கள், பார்த்துவிடலாம்" என்றார். எனக்கு உயிர் வந்தது. ஊதினால் ரெண்டு ஸ்வரத்தில் இருமல் பிடுங்கும், வழக்கு முடிந்தது.

"ஊத மாட்டேன் சார்" என்றார் மாமா.

பெஞ்சில் உட்கார்ந்தபடியே அவர் காலை மிதித்தேன்.

"கெட்டுப்போன சத்தத்த நாலு பேரு முன்னால ஊத மாட்டேன். மன்னிச்சுக்குங்க."

ஊதவில்லை என்று சொல்லி மானத்தை விட்ட மனுஷன், மோசமாக ஊதிக் காட்டி மிச்சத்தையும் விட மாட்டாராம். நான் அங்கேயே தலையில் அடித்துக்கொண்டேன். அடுத்த வாரமே ஓஸ்வால்ட் மாஸ்டர் அவரிடமிருந்து சிவப்புக் கோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது.

உத்தரவு வர மேலும் ரெண்டு வருஷம் ஆயிற்று. கன்னடத்தில் இருந்ததால் நான்தான் தமிழில் உரக்கப் படித்துச் சொன்னேன். நோய் வேலையால் வந்ததுதான், கம்பெனி நஷ்டஈடு தர வேண்டும் என்று இருந்தது. அக்கா சிலுவை போட்டுக்கொண்டாள். அடுத்த பக்கம் திருப்பினால், கேட்டதில் பாதிக்கு மேல் கழித்திருந்தார்கள். காரணமும் எழுதியிருந்தது. மனுதாரர் ட்ரம்பெட் இசைக் கலைஞராகத் தொடர்ந்து வருமானம் ஈட்டி வருகிறார்.

கோட்டைப் பிடுங்கிக்கொண்ட பிறகு எங்கே வருமானம்? உண்மையைச் சொன்னதால் போன வேலையை, இன்னும் இருக்கிற வேலை என்று கழித்திருக்கிறார்கள். அப்பீல் போட இன்னும் நாள் இருந்தது. இவர் பேண்ட்டில் இல்லை என்று ஓஸ்வால்ட் மாஸ்டரே எழுதிக் கொடுத்தார். மனுவைத் தயார் செய்து, பேனாவோடு மாமா முன்னால் வைத்தேன்.

அவர் உத்தரவைக் கையில் வைத்திருந்தார். "அந்த வரிய இன்னொரு தடவ படி."

"ட்ரம்பெட் இசைக் கலைஞராக…" என்று படித்தேன்.

"அப்பீல் போட்டா இந்த வரி போயிடுமா?"

"போறதுக்குத்தான் மாமா அப்பீலே."

"அப்பறம் என்னான்னு எழுதுவாங்க?"

"தூசி தின்னு நுரையீரல் போன ஃபாக்டரி தொழிலாளின்னு எழுதுவாங்க. அதுக்குத்தான் காசு."

அக்கா தையல் மெஷினை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் அவளைப் பார்த்தார். மூச்சை இழுத்து இழுத்து, நான் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். போட்டு முடித்துவிட்டு, உத்தரவில் அந்த வரி இருந்த பக்கத்தை என்னிடம் நீட்டினார்.

"இத மட்டும் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் குடு."

உச்சி வெயில். அப்பீலுக்கு மறுநாள் கடைசி நாள், வக்கீல் காத்துக்கொண்டிருக்கிறார், இவருக்கு ஜெராக்ஸ். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே மெயின் ரோடு வரை நடந்தேன். கடைக்காரர் எத்தனை காப்பி என்று கேட்டார். ஒன்று போதும் என்றேன். மடங்காமல் ஒரு கவரில் போட்டுத் தரச் சொன்னேன்.