இடது காலின் உள்வெப்பம்

ஒரு காலை, இடது காலில் சப்பாத்து ஏறவில்லை. பாதம் வீங்கியிருந்தது, வலி இல்லை. பதினாறு வருடச் சர்க்கரை நோய் கால் நரம்புகளைத் தின்று தீர்த்திருந்தது. வலித்திருந்தால்தான் ஆச்சரியம். கயிற்றைத் தளர்த்திக்கொண்டு பெர்மாஸ் ஜெயாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் எல்லை தாண்டிச் சிங்கப்பூர் வேலைக்குப் போனேன். இரண்டு வாரம் அப்படியே ஓட்டினேன்.

டாக்டர் சொன்ன பெயர் சார்கோ பாதம் (உணர்ச்சியற்ற பாதத்தில் எலும்புகள் வலியில்லாமலே நொறுங்குவது). பாதம் உருக்குலைந்தால் புண் வரும், முற்றினால் காலையே எடுக்க நேரலாம் என்றார். மாவுக்கட்டு போட்டார்கள். உள்ளே நொறுங்கிக்கொண்டிருக்கும்வரை அந்தக் கால் மற்றதைவிடச் சூடாக இருக்குமாம். இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்தால்தான் கட்டிலிருந்து விடுதலை.

நான்கு மாதம் ஆயிற்று. முதலாளி இனிக் காத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டார். எனக்கு அலுத்துவிட்டது.

என் திருட்டுத்தனத்தை மறைக்கப் போவதில்லை. கோவிட் காலத்தில் வேலையிட வாசலில் நெற்றிக்கு வெப்பமானி நீட்டுவார்கள். வெயிலில் மோட்டார் ஓட்டி வந்த நாங்கள் அதற்கு முன்பே ஈரத்துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொள்வோம். அதே வித்தையைக் காலுக்குச் செய்தேன். கட்டைப் பிரித்துவிட்டுக் காத்திருக்கச் சொன்னபோது, ஈரத் திசுத்தாளால் பாதத்தை ஒற்றி ஒற்றி எடுத்தேன்.

"வேணாங்க. டாக்டர ஏமாத்தி என்னங்க ஆவப் போவுது?" என்றாள் மனைவி.

"சும்மா இரு லா. வேல போச்சுன்னா என்னா செய்வ?"

அன்று பார்த்து ஆராய்ச்சிக்காக ஒரு புதுக் கருவி வந்திருந்தது. மைக்ரோவேவ் ரேடியோமெட்ரி (உடல் தானாக வெளிவிடும் மெல்லிய நுண்ணலைகளை வாங்கி உள்வெப்பத்தைக் கணிக்கும் முறை). அதன் முனையைக் காலில் வைத்தார்கள்; அது எந்தக் கதிரையும் உள்ளே அனுப்பவில்லை. பழைய வெப்பமானிக்குத் தெரிந்தது தோல் மட்டும்தான்.

டாக்டர் இரண்டு அளவையும் மாறி மாறிப் பார்த்தார். "அங்கிள், மேல ரெண்டு காலும் ஒண்ணாத்தான் இருக்கு. உள்ள மட்டும் இடது கால் ரெண்டு டிகிரி கூட. எப்படி?"

மனைவி என் சட்டைப் பையிலிருந்து ஈரத்தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

எக்ஸ்ரேயில் புதிய விரிசல் தெரிந்தது. டாக்டர் திட்டவில்லை. "இன்னிக்கி கட்டு இல்லாம அனுப்பியிருந்தா நீங்க நடந்தே கால ஒடச்சிருப்பீங்க" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

மறுபடியும் கட்டு. வேலை போயிற்று. இரண்டு நாள் மனைவியோடு பேசவில்லை. பிறகு கோபப்படவும் தெம்பில்லை. கட்டோடு இதைப் படிப்பவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன்: அலுப்பு வந்தால் டாக்டரிடமே சொல்லுங்கள்.

மேலும் ஐந்து மாதம் கழித்து இரண்டு கருவிகளும் ஒரே சேதியைச் சொல்லின. எக்ஸ்ரேயும் ஒத்துப்போனது. "கட்டு போதும் அங்கிள். இனி சப்பாத்து போட்டுப் பழகலாம்" என்றார் டாக்டர்.

பழைய ஆளாக இருந்தால் அப்போதே எழுந்திருப்பேன். கால் இளைத்து, வெளுத்து, யாருடையதோ போலக் கிடந்தது. அதனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு வழியில்லை. போய்ச் சேரவேண்டிய அவசரமும் எங்குமில்லை.

"இன்னொரு தடவ பாத்துருங்க டாக்டர்" என்றேன்.

எழுந்து நின்ற மனைவி மறுபடியும் உட்கார்ந்தாள்.